பாம்புக்குச் சின்னப் பெட்டிதான் பிடிக்குமா?

முன்குறிப்பு: இந்தப் பதிவு முழுக்கப் பாம்புதான். படம் எதுவும் போடவில்லை, அதனால் பயப்படுகிறவர்களும் படிக்கலாம்.

போன அக்டோபரில், இங்கே ஒஹாயோவில் என்னோடு வேலை பார்த்த ஒருவர் வேறு மாநிலத்துக்குக் குடிபோனார். போகும்போது ஆறு வருஷமாக வளர்த்த பாம்பை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஒரு வருஷமாகவே அதன்மேல் கண் வைத்திருந்தாள். "அப்பா, அது யாரையும் கடிக்காது"ன்னு தினமும் ஒரு முறை சொல்லிச் சொல்லியே என்னைக் கரைத்துவிட்டாள். மனைவி போட்ட நிபந்தனை ஒன்றுதான்: பாம்பு பேஸ்மென்டை விட்டு மேலே வரக்கூடாது.

இனம் பால் பைத்தான். ஊருக்கு போன் பண்ணி அம்மாவிடம் சொன்னதும், "ஏன்டா, அது பால் குடிக்குமா?" என்று கேட்டார். இது அந்தப் பால் இல்லை, பந்து. பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்து மாதிரிச் சுருண்டுகொள்ளும் சின்ன மலைப்பாம்பு. இங்கிலாந்தில் ராயல் பைத்தான் என்பார்கள். சொந்த ஊர் கானா, டோகோ, பெனின் என்று நீளும் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா. எங்கள் வீட்டுக்கு வந்தது ஆண். நீளம் 42 இஞ்ச், அதாவது மூன்றரை அடி. எடை 1,420 கிராம். சுருண்டு கிடந்த கோலத்தைப் பார்த்து மகள் வைத்த பெயர் முறுக்கு.

முறுக்கு வந்தது ஒரு பிளாஸ்டிக் டப்பாவில். 34 இஞ்ச் நீளம், 17 இஞ்ச் அகலம், 6 இஞ்ச் உயரம். உள்ளே செய்தித்தாள், ஒரு தண்ணீர்க் கிண்ணம், வேறொன்றும் இல்லை. "ஆறு வருஷமா இதுலதான் இருக்கான், ஒரு வேளைகூடச் சாப்பாட்டை விட்டதில்ல" என்றார் நண்பர். கொஞ்சம் பெரிய பெட்டி வாங்கலாமா என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில்தான் இந்தப் பதிவுக்கே காரணம்: "வேண்டாம். இந்த வகைக்குச் சின்ன இடம்தான் பிடிக்கும். பெரிய பெட்டியில போட்டா பயந்துடும், சாப்பிடாது."

பால் பைத்தான் வளர்ப்பில் இது கிட்டத்தட்ட வேதவாக்கு. வளர்ப்புக் குறிப்புகளில், கடைகளில், வீடியோக்களில் என்று எங்கே போனாலும் காதில் விழும். நான் அதைக் கேட்கவில்லை. அனுபவித்தேன். அப்புறம்தான் யோசித்தேன். அந்த வாக்கியத்தில் எது உண்மை, எது சரியாக யோசிக்காமல் சொல்வது என்று பிரித்துப் பார்ப்பதுதான் இங்கே என் வேலை.

நான் செய்த தப்பு

நவம்பரில் நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் முன்பக்கம் கண்ணாடிக் கதவு வைத்த பி.வி.சி. பெட்டி ஒன்று வாங்கினேன். புதுப் பாம்பு, சுத்தம் முக்கியம் என்று தரையில் காகிதத் துண்டு விரித்தேன். வெப்பம் வரும் பக்கம் ஒரே ஒரு பதுங்குமிடம். எதிர்ப்பக்கம் தண்ணீர்க் கிண்ணம். நடுவில் பளிச்சென்று வெற்று மைதானம். பார்க்க அழகாக, காலியான அபார்ட்மென்ட் மாதிரி இருந்தது.

முறுக்கு சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. இரண்டு வாரத்துக்கு ஒரு எலி. நவம்பர் நடுவில் வேண்டாம் என்றது, கடைசியிலும் வேண்டாம் என்றது. டிசம்பரிலும் அதேபோல இரண்டு முறை. ராத்திரி முழுக்க முன்கண்ணாடியில் மூக்கை உரசிக்கொண்டு இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடை. எடை 1,365 கிராமுக்கு இறங்கியது. பாம்பு பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒருவரைத் தேடிப் போனோம். சளி, நுரையீரல் தொற்று எதுவும் இல்லை, இந்த எடைக் குறைவு இப்போதைக்கு ஆபத்தில்லை என்றார். எலி வாங்கும் கடைக்காரர், நண்பர், நண்பரின் நண்பர் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "பெட்டி பெருசு. டப்பாவுக்கே திரும்பிப் போங்க."

மகள் டப்பாவைக் கழுவித் துடைத்து எடுத்து வந்துவிட்டாள். "அப்பா, அவனைத் திரும்ப இதுக்குள்ளயா போடணும்?" கண்ணில் தண்ணீர். எனக்கும் பதில் தெரியவில்லை. அவர்கள் சொல்வது சரியென்றால், என் நல்லெண்ணத்தால் ஒரு உயிரைப் பட்டினி போட்டுக்கொண்டிருக்கிறேன். தப்பென்றால், இன்னும் இருபது வருஷம் வாழப்போகிற ஒன்றை ஆறு இஞ்ச் உயரத்துக்குள் அடைக்கப்போகிறேன்.

வேலையில் ஒரு பழக்கம் உண்டு. ஏதாவது உடைந்தால் முதலில் கேட்பது, "கடைசியா என்ன மாத்தினோம்?" அன்றைக்கு ராத்திரி அதைத்தான் எழுதிப் பார்த்தேன். பெட்டியின் அளவை மாற்றினேன், சரி. அது மட்டுமா? ஒளிபுகாத டப்பாவிலிருந்து முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. இருட்டிலிருந்து வெளிச்சம். முதுகைத் தொடும் கூரையிலிருந்து இரண்டடி உயர வெற்றிடம். எங்கே படுத்தாலும் மறைவு என்ற நிலையிலிருந்து ஒரே ஒரு மூலையில் மட்டும் மறைவு. ஒரே நாளில் ஐந்து விஷயங்களை மாற்றிவிட்டு, பழியை மட்டும் முதலாவதன்மேல் போட்டுக்கொண்டிருந்தோம்.

அளவு வேறு, மறைவு வேறு

என் வாதத்தின் மையம் இதுதான். "சின்னப் பெட்டி பிடிக்கும்" என்கிற வாக்கியத்துக்குள் இரண்டு தனித்தனி விஷயங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று இடத்தின் அளவு, இன்னொன்று மறைவு. டப்பாவில் இரண்டும் சேர்ந்தே வரும். சின்னது, அதனாலேயே எல்லாப் பக்கமும் உடம்பில் படும், இருட்டாக இருக்கும், வெளியே எதுவும் தெரியாது. பெரிய வெற்றுக் கண்ணாடித் தொட்டியில் நேர்மாறாக இரண்டும் சேர்ந்து வரும். இடம் நிறைய, மறைவு பூஜ்யம். இந்த இரண்டை மட்டும் ஒப்பிட்டால் பாம்பு டப்பாவில்தான் நிம்மதியாக இருக்கும். இது உண்மை, நானே பார்த்தேன். ஆனால் அதிலிருந்து "அளவு சின்னதாக இருந்ததுதான் காரணம்" என்ற முடிவுக்கு வர முடியாது. பெரிய இடம், நிறைய மறைவு என்ற மூன்றாவது வாய்ப்பை யாரும் சேர்க்கவே இல்லையே.

"காட்டிலேயே அது பொந்துக்குள்தானே இருக்கு?" என்பார்கள். ஆமாம். எலி வளை, கறையான் புற்று என்று பகல் முழுக்கப் பதுங்கித்தான் கிடக்கும். ஆனால் பொந்து அதன் படுக்கையறை, ஊர் இல்லை. ராத்திரி வெளியே வந்துதான் இரை தேட வேண்டும். தென்கிழக்கு நைஜீரியாவில் லூயிசெல்லி, ஆஞ்செலிச்சி என்ற இரு ஆய்வாளர்கள் இந்தப் பாம்புகளின் உணவை ஆராய்ந்து 1998-ல் எழுதினார்கள். பெண் பாம்புகள் பெரும்பாலும் எலி போன்ற பாலூட்டிகளைத் தின்றிருந்தன. ஆண் பாம்புகளின் உணவில் பறவைகளே அதிகம். மரத்தில் ஏறுவதும் ஆண்கள்தான் அதிகம். பறவை பொந்துக்குள் வந்து விழாது. தரையை விட்டு நகராத சோம்பேறி என்று பெயர் வாங்கிய பாம்பு, கிளை ஏறிப் பறவை பிடித்திருக்கிறது. ஆறு இஞ்ச் உயர டப்பாவுக்குள் அது எப்படி ஏறும்?

"சின்ன இடம் பிடிக்கும்" என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், தொழில் தெரிகிறது. பால் பைத்தானை விதவிதமான நிறங்களில் இனப்பெருக்கம் செய்து விற்பது இங்கே பெரிய வியாபாரம். வளர்ப்பவர்கள் ராக் என்ற அலமாரி வைத்திருப்பார்கள். மேசை டிராயர் மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாக டப்பாக்கள், பின்னால் வெப்பப் பட்டை. ஒரே அறையில் நூற்றுக்கணக்கில் வைக்கலாம். துடைப்பது சுலபம், சூடாக்கச் செலவு குறைவு. குஞ்சுகள் அதில் நன்றாகச் சாப்பிடுகின்றன என்று அனுபவஸ்தர்கள் சொல்வதையும் நான் நம்புகிறேன். அவர்கள் கொடியவர்கள் இல்லை. நூறு பாம்பை நிர்வகிக்கிறவருக்கு எது வசதியோ அதைச் செய்கிறார்கள். ஆனால் கிடங்கு நடத்தும் முறையை, ஒரே ஒரு பாம்பு வைத்திருக்கும் வீட்டுக்கு "இதுதான் அதுக்குப் பிடிக்கும்" என்று மொழிபெயர்த்துக் கொடுக்கும்போதுதான் சிக்கல். வளர்ப்பவரின் வசதி எப்போது பாம்பின் விருப்பமாக மாறியது?

கேலன் கணக்கும் ட வடிவமும்

அளவைப் பற்றிப் பேசும் விதமே கோணலாக இருக்கிறது. அமெரிக்காவில் பாம்புப் பெட்டியைக் கேலனில் சொல்வார்கள். "20 கேலன் போதும்", "40 கேலன் வாங்கு." கேலன் என்பது தண்ணீர் அளவு. மீன் தொட்டிக் கடையிலிருந்து பாம்புக்கு இரவல் வந்த கணக்கு. பாம்பு என்ன நீந்தவா போகிறது? 20 கேலனிலேயே இரண்டு வடிவம் விற்கிறார்கள். உயரமானது 24க்கு 12 இஞ்ச், தரை 288 சதுர இஞ்ச். நீளமானது 30க்கு 12 இஞ்ச், தரை 360 சதுர இஞ்ச். பெயரில் ஒரே 20 கேலன், தரையில் கால் பங்கு வித்தியாசம்.

இதைவிடப் பரவலான இன்னொரு விதி உண்டு: பெட்டியின் நீளத்தையும் அகலத்தையும் கூட்டினால் பாம்பின் நீளம் வர வேண்டும், வந்தால் போதும். முறுக்கின் டப்பாவுக்குப் போட்டுப் பார்ப்போம். 34 கூட்டல் 17, 51 இஞ்ச். பாம்பு 42 இஞ்ச். பாஸ். ஆனால் அந்த டப்பாவில் மூலைக்கு மூலை குறுக்காக அளந்தாலே 38 இஞ்ச்தான் வரும். அதாவது விதிப்படி தேறிய பெட்டியில் பாம்பால் குறுக்காகக்கூட முழுசாக நீட்டிப் படுக்க முடியாது. சுவரோரமாக ட எழுத்து மாதிரி மடங்கித்தான் கிடக்க முடியும். இந்த விதி சோதிப்பது "பாம்பு உள்ளே அடங்குமா" என்பதை மட்டும். சூட்கேஸ் வாங்கும்போது கேட்கிற கேள்வி அது.

பாம்பு எப்போதும் சுருண்டுதானே கிடக்கும், நீட்டிப் படுக்கவா செய்யும்? இதையும் ஒருவர் போய்ப் பார்த்திருக்கிறார். கிளிஃபோர்ட் வார்விக் குழு 2019-ல் வெளியிட்ட கட்டுரையில் 65 பாம்புகளை ஒரு மணி நேரம் கவனித்த விவரம் வருகிறது. அந்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே 24 பாம்புகள் உடம்பை நேராகவோ கிட்டத்தட்ட நேராகவோ நீட்டியிருந்தன. ஜெர்மனியில் 1997-லேயே அரசு சார்பில் வந்த குறைந்தபட்ச அளவுகள், பெட்டியைப் பாம்பின் நீளத்தின் மடங்காகச் சொல்கின்றன. கேலனை விட இது எவ்வளவோ தேவலாம், ஏனென்றால் அளவுகோல் பாம்பின் உடம்பிலிருந்து வருகிறது.

எதிர்த்தரப்பையும் விடக்கூடாது

இப்படி எழுதிக்கொண்டே போனால் நான் ஒரு கட்சியில் சேர்ந்துவிட்டதாகத் தோன்றும். அதனால் எனக்குப் பிடித்த ஆய்வையும் அதே தராசில் வைக்கிறேன்.

"டப்பா கூடாது" என்பவர்கள் கையில் எடுப்பது மியூனிக்கிலிருந்து 2021-ல் வந்த ஆய்வு. 35 பால் பைத்தான்களை ஒரு முறை ராக்கிலும் ஒரு முறை டெரேரியத்திலும் வைத்து வீடியோவில் கவனித்தார்கள். டெரேரியத்தில் பாம்புகள் ஏறின, குளித்தன. ராக்கில் இதற்கெல்லாம் வாய்ப்பே இல்லை. படித்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். இரண்டாவது முறை படித்தபோது சந்தோஷம் பாதியானது. ராக்கில் தண்ணீர்க் கிண்ணம் மட்டும், பகல் வெளிச்சம் இல்லை. டெரேரியத்தில் பதுங்குமிடம், ஏறக் கிளை, குளிக்கத் தண்ணீர், விளக்கு, கூடவே இடமும் அதிகம். என் பேஸ்மென்டில் நான் செய்த அதே தப்பு, திசை மட்டும் வேறு! எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால், எது வேலை செய்தது என்று சொல்ல முடியாது. "ராக் வாழ்க்கையைவிட டெரேரியம் வாழ்க்கை செழிப்பானது" என்று அந்த ஆய்வை வைத்துச் சொல்லலாம். "பெரிய பெட்டி நல்லது" என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கான சாட்சி இன்னும் தெளிவாக இருக்கிறது. லிங்கன் பல்கலைக்கழகத்தில் சோளப் பாம்புகளை வைத்து 2021-ல் நடந்த ஆய்வில், சாதாரணப் பெட்டியும் பொருள்கள் நிறைந்த பெட்டியும் எதிரெதிரே இருந்து தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் கிடைத்தபோது பாம்புகள் நிறைந்த பக்கத்தையே அதிகம் நாடின. இனம் வேறு, அதனால் அப்படியே முறுக்குக்குப் பொருத்தக்கூடாது. இருந்தாலும் "பாம்புக்கு இதெல்லாம் தெரியாது" என்ற பேச்சுக்கு அது போதுமான பதில்.

"பெட்டி பாம்பின் நீளத்துக்காவது இருக்க வேண்டும்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது நியாயமான குறைந்தபட்சம். ஆனால் அதுவும் ஒற்றை எண்தான். ஆறடி நீள வெற்றுக் கண்ணாடித் தொட்டி அந்த விதியில் நூற்றுக்கு நூறு வாங்கும். உள்ளே பாம்பு பயத்தில் பட்டினி கிடக்கும். நான் அந்த எண்ணை மதித்துத்தான் பெட்டி வாங்கினேன். என்ன ஆனது என்று மேலே படித்தீர்கள்.

பானையில் வைக்கிறார்களே?

இதை நண்பர் ஒருவரிடம் சொன்னபோது மடக்கினார்: "நம்ம ஊர்ல இருளர்கள் நல்ல பாம்பைப் பானைக்குள்ளதானே வைக்கிறாங்க? அதுக்கு என்ன சொல்றே?" நல்ல கேள்வி. கல்லூரியில் படிக்கும்போது வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குள் அந்த விஷம் எடுக்கும் இடத்தைப் பார்த்திருக்கிறேன். 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் நடத்துவது. வரிசையாக மண்பானைகள், வாயில் துணி கட்டியிருக்கும். உள்ளே நல்ல பாம்பு, கண்ணாடி விரியன். பானை இருட்டு, குளிர்ச்சி, உடம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் சுவர். பயந்த பாம்பு அடங்கிக் கிடக்க அதைவிட நல்ல பாத்திரம் கிடையாது.

ஆனால் அங்கே ஒரு பாம்பு இருப்பது மூன்று நாலு வாரம்தான். சில முறை விஷம் எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். பானைக்கு ஒரு முடிவு தேதி உண்டு. நாம் பேசும்போது விட்டுவிடும் மூன்றாவது விஷயம் இதுதான், காலம். ஒரு மாதத்துக்குச் சரியான இடம் முப்பது வருஷத்துக்குச் சரியாக இருக்க வேண்டும் என்றில்லை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக்காட்சிசாலையில் ஒரு பால் பைத்தான் 1961-லிருந்து இருந்தது. 2020-ல் முட்டை போட்டபோது அதற்கு வயது 62-க்குக் குறையாது என்றார்கள். அது அபூர்வம்தான். வீட்டில் இருபது முப்பது வருஷம் சாதாரணம். எனக்கு இப்போது 46. மகள் இன்னும் நாலைந்து வருஷத்தில் காலேஜுக்குப் போய்விடுவாள். கணக்குப் போட்டால், நான் ரிட்டயர் ஆகும்போதும் முறுக்கு பேஸ்மென்டில் இருக்கும். நான் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தது வெறும் பெட்டி இல்லை, ஒரு ஆயுள் முழுக்க அது பார்க்கப்போகும் ஒரே இடம்.

"சாப்பிடுதே, அப்புறம் என்ன?"

டப்பா தரப்பின் கடைசி வாதம் இது. சாப்பிடுகிறது, சட்டை உரிக்கிறது, எடை கூடுகிறது. எனவே நன்றாக இருக்கிறது.

எங்கள் தொழிலில் ஒரு சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பிங் பண்ணிப் பார்ப்போம். பதில் வந்தால் உயிரோடு இருக்கிறது. அவ்வளவுதான் தெரியும். உள்ளே வேலை சரியாக நடக்கிறதா என்பது தெரியாது. சாப்பிடுவதும் அப்படித்தான். சாப்பிடாவிட்டால் ஏதோ கோளாறு இருக்கலாம், சரி. சாப்பிட்டால் எல்லாம் சரி என்று ஆகிவிடாது. நாய் குரைக்கும், பூனை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பாம்புக்குக் குரலும் இல்லை, முகபாவமும் இல்லை. அது நமக்குத் தெரிவிக்கக்கூடிய ஒரே குறை, சாப்பாட்டை மறுப்பது. அந்த ஒரு குறை வராத வரை எல்லாம் சரி என்று நாமாக முடிவு பண்ணிக்கொள்கிறோம்.

பிறகு என்ன செய்தோம்

ஜனவரி முதல் வாரம். டப்பாவைத் திரும்ப மேலே வைத்துவிட்டு, பெட்டியின் அளவைத் தொடாமல் மற்றதை மட்டும் மாற்றினோம். காகிதத்தை எடுத்துவிட்டு மூன்று இஞ்ச் உயரத்துக்குத் தேங்காய் நார்த்தூள். பொட்டலத்தில் இலங்கைத் தயாரிப்பு என்று போட்டிருந்தது. முறுக்குக்கும் தேங்காய்க்கும் ஒருவழியாக உறவு வந்துவிட்டது என்று மனைவி சிரித்தாள். குளிர்ந்த பக்கமும் அதே மாதிரி இரண்டாவது பதுங்குமிடம். நடுமைதானத்தில் மரப்பட்டைகள், பிளாஸ்டிக் கொடிகள். குறுக்கே ஒரு தடித்த கிளை. முன்கண்ணாடியின் கீழ்ப்பாதியில் மகளின் கறுப்புச் சார்ட் பேப்பர்.

முதல் வாரத்திலேயே மூக்கு உரசுவது குறைந்தது. ஜனவரி கடைசியில் எலியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. பிப்ரவரி இரண்டாவது வாரம், நான் கதவை மூடுவதற்குள் பிடித்துவிட்டது. மகள் மாடிப்படி அதிர ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னாள். இப்போது எடை 1,450.

இதை ஆதாரம் என்று நான் சொல்ல மாட்டேன். இந்த இனத்தின் ஆண்கள் குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருப்பது சகஜம். நான் எதுவுமே செய்யாமல் இருந்திருந்தாலும் பிப்ரவரியில் சாப்பிட்டிருக்கலாம். உறுதியாகத் தெரிந்துகொள்ள, எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி வெறும் பெட்டியில் விட்டுப் பார்க்க வேண்டும். அதைச் செய்ய மனசு வரவில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். "பெட்டி பெரிதாக இருப்பதால்தான் சாப்பிடவில்லை" என்ற கூற்று தோற்றது. அதே பெரிய பெட்டியில்தான் சாப்பிட்டது.

யாராவது கேட்டால்

பெட்டி வாங்கப் போகிறவருக்கு இப்போது நான் சொல்வது கேலன் கணக்கு இல்லை, சில கேள்விகள்.

முதல் கேள்வி, வளர்ந்த பாம்பு அதில் நேராக நீட்டிப் படுக்க முடியுமா? இது நுழைவுத் தேர்வு மட்டும்தான்.

இரண்டாவது, வெப்பம் வேண்டுமா மறைவு வேண்டுமா என்று பாம்பைத் தேர்வு செய்ய வைக்கிறதா? பாம்பு தன் உடம்புச் சூட்டை இடம் மாறித்தான் சரிசெய்துகொள்ளும். ஒரு பக்கம் 31, 32 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 25, 26 இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் பதுங்குமிடம் வேண்டும். ஒரு பதுங்குமிடத்துக்கு ஒரு அடி என்று வையுங்கள். 20 இஞ்ச் தொட்டியில் இரண்டே அடங்காது. மூன்றடித் தொட்டியில் இடையில் ஒரு அடிதான் மிஞ்சும். நாலடியில் இரண்டடி. பெட்டி ஏன் நீளமாக இருக்க வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த வலுவான காரணம் இதுதான்.

மூன்றாவது, சூடும் ஈரப்பதமும் நிற்குமா? மேலே வலை வைத்த மீன் தொட்டியில் ஈரப்பதம் பறந்துவிடும். இந்த இனத்துக்கு 60 சதவீதத்துக்கு மேல் வேண்டும், இல்லாவிட்டால் சட்டை துண்டு துண்டாக உரியும். எந்தச் சூடாக்கியானாலும் தெர்மோஸ்டாட் இல்லாமல் போடாதீர்கள். பாம்பு தோல் வெந்தும் அதன்மேலேயே படுத்திருக்கும்.

நாலாவது, பூட்டு. தலை நுழைந்தால் உடம்பும் நுழையும். என் மனைவிக்கு இது முதல் கேள்வி.

ஐந்தாவது, பெட்டி முழுக்கச் சாமான் நிறைந்தபின், இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு வெட்டவெளிக்கு வராமலே பாம்பு போக முடியுமா? முடியும் என்றால், எவ்வளவு பெரிய பெட்டி வேண்டுமானாலும் வாங்குங்கள்.

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நம் நாட்டுப் பாம்பைப் பிடித்து வீட்டில் வைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைத்தான் போன்ற வெளிநாட்டு இனங்களுக்கும் 2022 திருத்தத்துக்குப் பிறகு அரசிடம் பதிவு தேவை. பெட்டி தேடுவதற்கு முன்னால் அதைப் பாருங்கள்.

பேஸ்மென்டில் ஒரு சின்ன இரவுக் கேமரா வைத்திருக்கிறேன். பாதிக்கும் மேற்பட்ட இரவுகளில், பத்து மணிக்கு மேல் முறுக்கு கிளையில் இருக்கிறது. சில இரவு பின்சுவரை ஒட்டி மூன்றரை அடியையும் நேராக நீட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் அசையாமல் கிடக்கிறது. அது சந்தோஷமா என்று எனக்குத் தெரியாது. பழைய டப்பாவில் அதற்கு இரண்டுமே முடியாது என்பது தெரியும். அந்த டப்பாவில் இப்போது மகளின் பழைய லெகோ இருக்கிறது.